பேசாத சாவி

அந்தக் கார் பன்னிரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. முதல் பத்து மணி நேரம் அது யாருக்கும் உறைக்கவே இல்லை.

வாயை அடைத்தவள் நான்தான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரியை மாற்றினேன். காரில் வழி சொல்லும் பெண் குரல் அத்தோடு நின்றுபோனது. அண்ணன் கேட்டுக்கொண்டான், செய்தேன். அவன் கேட்டால் நான் எதையும் செய்வேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் கண்ணாடி பாட்டில் வார்க்கும் தொழிற்சாலையில் பத்து வருடமாக இயந்திரம் ஓட்டுகிறான். அண்ணி பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். அவளுக்கு ஏழாவது மாதம். நான் வேதியியல் படித்துவிட்டு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. சோதனைக் குழாய்கள் கேள்வி கேட்பதில்லை.

என் குரல் சின்னது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் போய்ச் சேரும். "வாயைத் தொறந்து பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று ஊரிலிருக்கும் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். அண்ணி எனக்கு 'ஊமைக்கொட்டான்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அண்ணன் வைத்த பெயர் 'மெல்லிசு'. அவன் ஒருவன்தான் என்னை ஒருநாளும் "என்னது? சத்தமாச் சொல்லு" என்று கேட்டதில்லை.

பள்ளி நாட்களில் நான் பேருந்தில் போவேன். இறங்கும் இடம் வந்தால் ஓட்டுநருக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். எனக்கு அது வராது. யாராவது அங்கே இறங்கினால் நானும் இறங்குவேன். இறங்காத நாட்களில் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய், நடந்து திரும்பி வருவேன். வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் அண்ணன் என் செருப்பின் தேய்மானத்தைப் பார்த்துக் கேட்டான். மறுநாளிலிருந்து என்னோடு பேருந்தில் ஏறினான். என் நிறுத்தம் வந்ததும் "இறங்கணும்!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். நான் இறங்குவேன், அவனும் இறங்குவான். அவனுடைய பள்ளி எதிர்த்திசையில் இருந்தது. அங்கே தினமும் தாமதமாகப் போய் வெளியே நிற்பான். அவன் பள்ளி முடிக்கும் வரை இது நடந்தது. இதற்கு நான் அவனுக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன்.

காரை அண்ணன் செகண்ட்ஹாண்டில் வாங்கினான். வாங்கிய புதிதில் அதைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் எல்லாக் கார்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே மூளையைத்தான் வைக்கிறார்கள். விலைக்குத் தகுந்தபடி சில வசதிகளை எழுப்பி விடுகிறார்கள், சிலவற்றைத் தூங்க வைக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் கேபிளைச் செருகி மடிக்கணினியோடு இணைத்தால் தூங்குவதை எழுப்பலாம், பேசுவதைத் தூங்க வைக்கலாம்.

பரிசோதனைக் கூடத்தில் கற்றுக்கொண்ட ஒழுங்கை இங்கேயும் வைத்துக்கொண்டேன். முதலில் பேட்டரியை சார்ஜரில் போட வேண்டும். பாதியில் கரண்ட் குறைந்தால் கார் சித்தம் கலங்கிப்போகும். பிறகு பழைய அமைப்பை அப்படியே சேமிக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றிய பின் காரைப் பூட்டிவிட்டுக் கால் மணி நேரம் உறங்க விட வேண்டும். எழுந்ததும் சோதிக்க வேண்டும்.

அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டான். முதலில், காரைப் பூட்டும்போது வரும் 'பீப்' வேண்டாம், அதற்குப் பதில் நான்கு விளக்கும் இரண்டு தடவை மின்ன வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்றான். அடுத்தது, பின்னால் எடுக்கும்போது சத்தம் போடும் சென்சார், திரை முழுவதும் சிவப்புப் பட்டையாகத் தெரிய வேண்டும். அதற்கடுத்தது, இண்டிகேட்டர் போட்டால் கதவோரத்து அலங்கார விளக்கும் சேர்ந்து துடிக்க வேண்டும்.

"கல்யாண மண்டபமா இது? சீரியல் பல்பு ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அண்ணி. "ஏய் ஊமைக்கொட்டான், உங்க அண்ணனுக்கு விளையாட உன்னை விட்டா ஆளில்லையா?"

நான் சிரித்துவிட்டு மடிக்கணினியைப் பார்த்தேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது மூன்றாவது மாற்றத்தின்போது. அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான், நான் பக்கத்தில். "பட்டனை அமுக்கு" என்றேன். அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோதும் அவன் திரும்பவில்லை. இருபது வருடமாக என் குரல் தப்பாமல் போய்ச் சேர்ந்த ஒரே இடம் அவன் காது.

அவன் தோளைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்தான். நான் குரல் கொடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: "நான் பேசறது உனக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. சொல்லு மெல்லிசு" என்றான்.

என் கண்ணைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"குரலே குடுக்கலையா நீ?"

இல்லையென்று தலையசைத்தேன்.

"அடிப்பாவி" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சயின்ஸ் படிச்சதை வீட்டுல வெச்சிருந்தா இதான் கதி."

அப்புறம் சொன்னான். அண்ணி உட்காரும் பக்கத்துக் காது முழுதாகப் போய்விட்டது. இன்னொன்று பாதி. இயந்திரத்தில் கோளாறு வந்தால் அதன் சத்தத்தில்தான் முதலில் தெரியுமாம். அதற்காகக் காதடைப்பானைக் கழற்றிக் கழற்றி வைத்தவன் அவன். டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறான். கருவி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

"வெச்சுக்கயேன்" என்றேன், என் உதடு அவனுக்குத் தெரியும்படி நிமிர்ந்து.

"வெச்சா உங்க அண்ணிக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே."

"அவ பயந்துக்கிட்டு இருக்கா. ராத்திரி தூங்கறதே இல்ல. வலி வந்து நான் எந்திரிக்கலைன்னா என்ன பண்றதுன்னு கேட்டா. ஒரு குரல் குடு போதும், அடுத்த நிமிஷம் வண்டி வாசல்ல நிக்கும்னு சொல்லியிருக்கேன். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் தெம்பா இருக்கா. குழந்தை பொறக்கட்டும், நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத."

கடைசி வார்த்தைக்கு இருவருமே சிரித்துவிட்டோம். என்னிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

ஆனால் எனக்குக் கணக்கு உதைத்தது. அண்ணி பின் இருக்கையில் வலியோடு கிடப்பாள். முன்னால் இவன் ஓட்டுவான். அவள் "நிறுத்துங்க" என்பாள். வண்டி போய்க்கொண்டே இருக்கும். குழந்தை பிறப்பதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவன்தான் சொல்ல வேண்டும். இதை நான் அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு அது இப்போது வசதியாகிவிட்டது: பார்க்காவிட்டால் கேட்காது.

வழி சொல்லும் குரல்தான் அவனுக்குப் பெரிய எமனாக இருந்தது. "அந்தம்மா இடது பக்கம் திரும்புன்னு கரடியாக் கத்துறா, நீங்க பாட்டுக்கு நேராப் போறீங்களே! நான் சொன்னாத்தான் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன், அவ சொன்னாலும் இதே கதைதானா?" என்று அண்ணி ஒருநாள் பிடித்துக்கொண்டாள். அவன் ஒலியைக் கூட்டி வைத்தான். "காது கிழியுதுங்க" என்றாள். அணைத்து வைத்தால் அடுத்த தடவை வண்டியைக் கிளப்பியதும் குரல் தானாகத் திரும்பி வந்தது. அதனால்தான் என்னிடம் வந்தான். குரல் அடியோடு வேண்டாம். திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்னால், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், பெரிய அம்புக்குறி வர வேண்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஒருகாலத்தில் எனக்காக நிறுத்தத்தைக் கத்திச் சொன்னவனுக்கு நான் சத்தமில்லாமல் திருப்பம் காட்டப்போகிறேன். சனிக்கிழமை காலை சீக்கிரமே எழுந்து செய்து முடித்தேன். அவன் வேலைக்குப் போகும்போது தெருமுனையில் பச்சை அம்பு எரிந்ததைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கி எனக்குக் கட்டைவிரலைக் காட்டினான். நான் பூரித்துப்போய்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பினேன்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. அந்தக் காருக்கு இரண்டு சாவிகள் உண்டு.

எந்தச் சாவியால் கதவு திறக்கிறதோ, அந்தச் சாவிக்குரியவரின் இருக்கை உயரம், கண்ணாடிச் சாய்வு எல்லாவற்றையும் கார் தானே எடுத்துக்கொள்ளும். குரலையும் சாவிவாரியாக வைக்கலாம். நான் மொத்தக் காருக்கும் வைத்துவிட்டேன். எனக்கு அது அண்ணனின் கார். அண்ணியும் ஓட்டுகிறாள் என்பது என் மூளையில் வரவே இல்லை.

அண்ணிக்கு அன்று மாலை ஆஸ்பத்திரியில் பிரசவ வகுப்பு. முதல் வகுப்பு. வெளிவட்டச் சாலைக்கு அப்பால் இருக்கிற புது ஆஸ்பத்திரி. அவள் அதுவரை தனியாகப் போனதில்லை. அண்ணன் வேலை முடிந்து வந்து படுத்திருந்தான். எழுப்ப வேண்டாம் என்று ஐந்து மணிக்கு அவளே காரை எடுத்தாள். விலாசத்தைத் திரையில் போட்டாள். 'அந்தம்மா' சொல்லுவாள் என்று நம்பி, சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

ஆறு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவளும் படியேறி வந்தாள். முகம் சிவந்திருந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அஞ்சு பாலம் பிரியுது. எந்தப் பாலத்துல ஏறணும்னு அந்தக் கழுதை சொல்லும் சொல்லும்னு பாத்துக்கிட்டே போனேன். கடைசி வரைக்கும் மூச்சு விடல! தப்பான பாலத்துல ஏறி வேற எங்கயோ போய், ஒரு வழியா திரும்பி வந்திருக்கேன். நடுவுல ஒரு பாத்ரூம் கிடையாது, ஏழு மாசக்காரி என்ன பண்ணுவேன்? வண்டியை ஓரங்கட்டி உங்க அண்ணனுக்குப் போன் பண்ணா..." அவள் குரல் உடைந்தது. "நாலு தடவை பண்ணேன். எடுக்கல."

அண்ணன் அறையிலிருந்து வந்தான். தலைமாட்டிலேயே இருந்த போனைக் கையில் வைத்திருந்தான்.

"சைலண்ட்ல இருந்துச்சும்மா" என்றான்.

அது சைலண்டில் இல்லை. அவன் கையில் இருக்கும்போதே ஏதோ செய்தி வந்து 'டிங்' என்றது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவனுக்கு அதுவும் கேட்கவில்லை.

"வகுப்பும் போச்சு" என்றாள். "அது கிடக்கட்டும். வலி வந்த அன்னிக்கு நீங்க ஓட்டும்போதும் இப்படி ஊமையா நின்னா என்னங்க பண்றது? நான் பின்னாடி வலியில கத்திக்கிட்டு இருப்பேனா, வழி சொல்லுவேனா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "மெல்லிசு சரி பண்ணிடுவா" என்றான்.

நாங்கள் இருவரும் கீழே போனோம். நான் சார்ஜரை மாட்டினேன், கேபிளைச் செருகினேன். அவன் கதவோரம் குனிந்து நின்றான்.

"அவ சாவியில மட்டும் குரல் வர்ற மாதிரி பண்ண முடியுமா?"

முடியும் என்று தலையசைத்தேன்.

"அப்பப் பண்ணிடு. கேட்டா, ஏதோ அப்டேட் வந்துச்சு, அதுல போயிடுச்சுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவா."

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். திரையைப் பார்த்தபடி, என் வழக்கமான குரலில் சொன்னேன். சொல்லும்போதே தெரியும், அவனுக்குக் கேட்காது, உதடும் தெரியாது. அவன் என் முதுகைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். நான் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டான்.

காலையில் சேமித்த பழைய அமைப்பை எடுத்தேன். முதல் சாவி: குரல் வேண்டாம், அம்பு வேண்டும். இரண்டாம் சாவி: குரல் வேண்டும். இரண்டே வரிகள். காரைப் பூட்டி உறங்க விட்டேன். பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்று அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்தேன். வேலை சுத்தமாக முடிந்திருந்தது. இனி இந்தக் கார் அவனுக்காக வாயை மூடிக்கொள்ளும், அவளிடம் வாயைத் திறக்கும். ரகசியம் குழந்தை பிறக்கும் வரை பத்திரம். இவ்வளவு நேர்த்தியாக நான் வேறெதையும் செய்ததில்லை. இவ்வளவு பயமாகவும் இருந்ததில்லை.

ஏழு மணிக்கு அண்ணி சோதித்துப் பார்க்க இறங்கி வந்தாள். கோபம் தணிந்திருந்தது. தன் சாவியால் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அண்ணன் அவள் பக்கத்தில், நான் பின்னால். அவள் ஆஸ்பத்திரி விலாசத்தைப் போட்டுவிட்டு வண்டியை வாசலை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"ஐம்பது மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்" என்றது கார்.

"வாடி என் ராஜாத்தி!" என்றாள் அண்ணி. ஸ்டீயரிங்கைத் தட்டினாள். "ஏய், உன் கையைக் குடு. ஊமைக்கொட்டானா இருந்தாலும் ஊமையைப் பேச வெச்சுட்டியே. நீ இல்லைன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்?"

பின்னால் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். சூடான, கொஞ்சம் வீங்கிய கை. அவள் எனக்கு நன்றி சொல்கிறாள் என்பது புரிந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை.

"இருங்க, உங்க சாவியிலயும் பாத்துடறேன்" என்றாள் அண்ணனிடம். "அன்னிக்கு நீங்கதானே ஓட்டப்போறீங்க."

"அது வந்துடும்மா. எதுக்கு வீணா..."

"அட, குடுங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து அவளே சாவியை எடுத்துக்கொண்டாள். எல்லோரையும் இறங்கச் சொன்னாள். தன் சாவியால் பூட்டினாள். நான்கு விளக்கும் இரண்டு தடவை மின்னின. அவன் சாவியால் திறந்தாள். மறுபடி ஏறினோம். இருக்கை அண்ணன் உயரத்துக்குப் பின்னால் நகர்ந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விலாசம் போட்டாள். வண்டி நகர்ந்தது. முள்ளுக்குப் பக்கத்தில் பச்சை அம்பு எரிந்தது.

கார் எதுவும் சொல்லவில்லை.

வாசல் வரை போய் அண்ணி நிறுத்தினாள். "இதுல ஏன் பேச மாட்டேங்குது?"

எரிந்துகொண்டிருந்த அம்பை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"என் சாவிக்குப் பேசுது, உங்க சாவிக்கு அம்பு காட்டுது. ஏன் அப்படி?" அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "நீயா வெச்சியா?"

நான் ஆமாமென்று தலையசைத்தேன்.

"எதுக்கு?"

அண்ணன் முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பின்கழுத்து விறைத்திருந்தது. அப்டேட் என்று நான் சொல்லுவேன் என்று காத்திருந்தான். அல்லது எப்போதும் போல் பேசாமல் இருப்பேன் என்று. பேசாமல் இருந்தால்கூடப் போதும். ஊமைக்கொட்டான் பதில் சொல்லவில்லை என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிடுவாள். வண்டி கிளம்பிவிடும். பள்ளி நாட்களைப் போல நான் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்குவேன்.

"அண்ணா!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. வாசல் விளக்கடியில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். அண்ணி திடுக்கிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அண்ணனுக்கும் கேட்டது. திரும்பினான்.

"நீயே சொல்லு!" என்றேன், அதே சத்தத்தில்.

"எம்மாடி" என்றாள் அண்ணி. "உனக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கா? எங்கடி வெச்சிருந்த இத்தனை நாளா?"

அண்ணன் என்னையே பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பேருந்துப் படியில் நின்று, நான் பத்திரமாக இறங்கிவிட்டேனா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு அண்ணி பக்கம் திரும்பினான். அவள் உதடு தெரியும்படி நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த சாவியைத் தன் கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு ஒரு வாக்குக் குடுத்தேன்ல, ஒரு குரல் குடு போதும்னு" என்றான். கேட்காதவர்கள் பேசுவதைப் போலத் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான். கார் முழுக்க அது நிறைந்தது. "நீ கூப்பிட்டா எனக்குக் கேக்காதும்மா."